குண்டு டிஸ்க்குக்குப் புத்தூர்க் கட்டு

இல்லை அக்கா, பொட்டு வைத்தது நான் இல்லை. யார் உனக்கு அப்படிச் சொன்னது, பால்காரம்மாவா? அவளுக்குப் பாதிக் கதைதான் தெரியும். பொட்டு வைத்தது என் சம்பந்தியம்மாள், மருமகளைப் பெற்ற மகராசி, புத்தூர்க்காரி. நான் அப்போது அடுப்படியில் எலுமிச்சம்பழச் சோறு கிளறிக்கொண்டிருந்தேன். கரண்டி பிடித்த கை எப்படிப் பொட்டு வைக்கும்? உட்கார், முதலிலிருந்து சொல்கிறேன். சும்மா உட்காராதே, இந்தக் கீரையை ஆய்ந்துகொண்டே கேள்.

என் மகன் குவைத்தில் ஒரு வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். லீவில் வருகிறவர்கள் செயின், சென்ட்டு பாட்டில், புலிப் படம் போட்ட கம்பளி எல்லாம் கொண்டு வருவார்கள். சித்தூர்ப் பக்கம் வெதுருகுப்பத்தை ஒட்டின எங்கள் ஊர் வெயிலில் கம்பளியை யார் போர்த்துகிறார்கள்? இருந்தாலும் வீட்டுக்கு வீடு பரணில் ஒரு புலி படுத்திருக்கும். இவன் அந்தத் தடவை பெட்டியைத் திறந்தான். நான் எட்டிப் பார்த்தேன். புலியும் இல்லை, செயினும் இல்லை. கறுப்பாக ஒரு கேமரா.

“இன்னா நைனா இது? எல்லாரும் கழுத்துக்கு எதனா வாங்கியாருவாங்க.”

“இதுவும் கழுத்துலதாம்மா மாட்டறது. எச்.டி. கேமரா,” என்று வாரை எடுத்துக் கழுத்தில் மாட்டிக் காட்டுகிறான்.

அவனுக்கு அந்தத் தைரியம் கொடுத்தது மருமகள். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு எடிட்டிங் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவள். எடுத்த படத்தை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பார்க்கிற மாதிரி ஆக்குகிற வேலை. சித்தூரில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் இரண்டே அறை. நல்ல அறை அவள் கம்ப்யூட்டருக்கு. அதற்கு ஏ.சி., நமக்கு ஃபேன், அதுவும் கரண்ட் இருந்தால். மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற லாரிகள் ரோட்டில் வரிசை கட்டுகிற அந்த வெயிலில், பூண்டு உரிக்கிறேன், புளி கொட்டை எடுக்கிறேன் என்று ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவேன். நான் சொல்லப்போகிற கோடெக் சமாச்சாரமெல்லாம் அப்படிக் காதில் விழுந்ததுதான்.

திருப்பதியில் ஒரு பக்திச் சேனல் அப்போதுதான் எச்.டி.க்கு மாறிக்கொண்டிருந்தது. நம் பக்கத்து அம்மன் கோயில் ஜாத்திரைகளை வாரத்துக்கு ஒன்றாகக் காட்ட ஆள் தேடினார்கள். மகன் போய்க் கேட்டான். உங்கள் ஊர் கங்கம்மா ஜாத்திரையை அரைமணிப் படமாகக் கொண்டு வா, செக்கிங்கில் பாஸ் ஆனால் தொடர்ந்து வேலை உனக்கு, ஆகாவிட்டால் அடுத்த ஆளைப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இவனுக்கோ லீவு முடியப் போகிறது. குவைத் டிக்கெட் சாமி காலண்டர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. படம் பாஸ் ஆனால் டிக்கெட் கேன்சல். ஆகாவிட்டால் இன்னும் ரெண்டு வருஷம் அங்கே.

பேத்தி அப்போது கைக்குழந்தை. அப்பன் மூக்கைப் பிடித்து இழுக்க அப்போதுதான் பழகியிருந்தாள். அவன் போய்விட்டுத் திரும்பி வந்தால் யாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். மூத்த பேத்திக்கு அப்படித்தான் ஆயிற்று. அதனால் எனக்கு ஜாத்திரைப் படமும் தெரியாது, சேனலும் தெரியாது. அந்த ஆணியில் தொங்குகிற டிக்கெட் ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் ஜாத்திரைக்கு நீ வந்ததில்லையே? வேஷம் கட்டுவார்கள். ஒருவர் கரி பூசிக்கொள்வார், ஒருவர் சுண்ணாம்பு. குங்கும வேஷம்தான் பார்க்கணும். உச்சந்தலையிலிருந்து பாதம் வரைக்கும் குங்குமத்தைக் குழைத்துப் பூசி, இடுப்பில் வேப்பிலை கட்டி, தப்படிக்குக் குதித்துக்கொண்டே எதிரில் வந்தவரையெல்லாம் திட்டுவார்கள். கெட்ட வார்த்தைதான். அது அம்மனுக்கு வேண்டுதல். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த வருஷம் குங்கும வேஷம் கட்டியது என் கூடப் பிறந்த தம்பி. மற்ற நாளெல்லாம் என் எதிரில் துண்டைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுப் பேசுகிறவன், அன்றைக்கு என் மாமியார் வீட்டு வம்சம் முழுவதையும் தெருவில் இழுத்தான். மாமியார் இருந்தபோது நான் சொல்ல முடியாமல் வைத்திருந்த வார்த்தைகள் அக்கா! நான் சிரித்துச் சிரித்து, அவன் காலில் ஊற்றுகிற தண்ணீரைப் பாதி என் புடவையில் ஊற்றிக்கொண்டேன்.

மகன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தான். கம்ப்யூட்டரில் போட்டால் படம் திக்குகிறது. என் தம்பி தூக்கிய காலைக் கீழே வைப்பதற்குள் ஒரு பல் பூண்டு உரித்துவிடலாம்.

“இன்னாமே, புதுக் கம்ப்யூட்டரு இப்படி சண்டித்தனம் பண்ணுது?” என்றான் மகன்.

“அது மேல தப்பு இல்லைங்க. கேமரா எல்லாத்தையும் அமுக்கி அமுக்கி வெச்சிருக்குது. ஒரு படத்த முழுசா எழுதும். அப்புறம் வர்றதுல இன்னா மாறிச்சோ அத்த மட்டும் எழுதிக்கும். நான் நடுவுல ஒரு எடத்துல வெட்டினா, கம்ப்யூட்டர் முதல் படத்தத் தேடி ஓடி, அங்கேர்ந்து கணக்கு போட்டுக்கினு வரணும். மூச்சு வாங்காம இன்னா பண்ணும்?”

இப்படி அமுக்கி வைக்கிற விதத்துக்குத்தான் கோடெக் என்று பேராம். பல விதம் இருக்கிறதாம். எனக்கு அது சட்டென்று பிடிபட்டது அக்கா. நீயும் நானும் பேசுவது மாதிரி. நேற்று எல்லாம் பேசியாயிற்று, அதனால் இன்றைக்கு, ‘அதே கதைதான், மருமவ மட்டும் திரும்பி வந்துட்டாளாம்’ என்றால் நமக்குப் போதும். நடுவில் மூன்றாவது ஒருத்தி வந்து உட்கார்ந்து ‘யாரு, எந்த மருமவ?’ என்றால் மறுபடியும் கல்யாணத்திலிருந்து ஆரம்பிக்கணும். இதைச் சொன்னேன். மருமகள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

“அதேதான் அத்தே. கோயில் வெளக்கு ஒண்ணு நின்னு எரியுதுன்னா அந்த வழி போதும். நம்ம ஜாத்திரையில எது நேத்து மாதிரி இருக்குது? குங்குமம் பறக்குது, வேப்பல ஆடுது, மாமா குதிக்கறாரு. அதனால ஒவ்வொரு படமும் தன் கால்ல தானே நிக்கற மாதிரி வேற கோடெக்குல மாத்திக்கணும். வெட்டறதுக்கு சுளுவா இருக்கும். ஆனா ஊதிப்போவும்.”

“ஊதினா டிஸ்க்குல எடம் எங்க?” என்றான் மகன். “நடுத்தரமா ஒண்ணு இருக்குது இல்ல, அதுல மாத்து. எல்லாம் அடங்கும்.”

“எல்லாம் அடங்கும், செவப்பு அடங்காது. கலர்ல மொதல்ல மிச்சம் புடிக்கறது செவப்புலதான். நம்ம படமே செவப்புதான்.”

“கேமராவுல வந்த செவப்புதானே?”

“கேமரா குடுத்ததுக்கு மேல ஒண்ணும் வராதுங்க. குடுத்தது கொறையாம சேனலுக்குப் போவணும். அவ்ளோதான்.”

புருஷன் பெண்டாட்டி சண்டை எதற்கெதற்கோ வரும். இந்த வீட்டில் கோடெக்குக்கு வந்தது. அன்றைக்கு ரசம் ஆறிப்போய் நான் இரண்டு தடவை சுட வைத்தேன். கடைசியில் அவள் என் தம்பி முகத்தையே மூன்று விதமாக மாற்றி, மூன்று ஜன்னல் மாதிரி வரிசையாகக் காட்டினாள்.

“எது அத்தே நல்லா இருக்குது?”

நான் கிட்டே போய், தூரப் போய்ப் பார்த்தேன். “மூணும் என் தம்பிதாம்மே. மூணும் நல்லாதான் இருக்குது.”

“பாத்தியா!” என்றான் மகன்.

அவள் மூன்றையும் பெரிதாக்கினாள். அப்போது தெரிந்தது. முதலாவதில் தம்பி கன்னத்துக் குங்குமம் படிக்கட்டு படிக்கட்டாக நின்றது, வேப்பிலை பச்சைச் சேறு. நடுவில் உள்ளது பரவாயில்லை. ஆனால் அவன் குதித்தபோது சிவப்பு கரை தாண்டி இலை மேல் கசிந்தது. மூன்றாவதில் குங்குமத்துக்கு நடுவில் வேர்வை ஓடிய கோடு கூடத் தனியாகத் தெரிந்தது. மகன் தலையைச் சொறிந்தான்.

“இது வேணும். ஆனா எடம்?”

“ரவிக்க தைக்கறவங்க பழைய துணியில வெட்டிப் பாத்துட்டு அப்புறந்தானே பட்டுல கத்திரி வெக்கறாங்க? அது மாதிரி எல்லாத்தையும் ஒல்லியா ஒரு காப்பி போட்டு, அதுல வெட்டி ஒட்டிக்கறேன். முடிஞ்சப்புறம் எது எது வேணுமோ அத்த மட்டும் இந்த குண்டு கோடெக்குல மாத்திக்கலாம். அரைமணிப் படம்தானே, ஒரு டிஸ்க்குல நிக்கும்.”

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு டிஸ்க். ரெண்டும் கறுப்பு, சோப்புப் பெட்டி அளவு, இரட்டைப் பிள்ளை மாதிரி. ஒன்றுக்கு ஒல்லி என்று பேர், ஒன்றுக்கு குண்டு. கையில் எடுத்தால் ஒல்லியும் குண்டும் ஒரே கனம்தான், பேருக்கு ஏமாந்துவிடாதே.

நடுவில் ஒரு நாள் சம்பந்தியம்மாள் புத்தூரிலிருந்து வந்தாள். அவள் மகன் ஸ்ரீ சிட்டி ஃபேக்டரியில் இருக்கிறான், வீட்டு வாசலுக்கே கம்பெனி பஸ் வருகிறது என்று அதைப் பற்றிப் பேசாமல் செருப்பைக் கழற்ற மாட்டாள். அன்றைக்கு அதைக்கூட மறந்து அடுப்படிக்கு ஓடி வந்தாள்.

“சம்பந்தியம்மா! எம் பொண்ணு ரூமுல எவனோ ஒரு ஆளு அசிங்க அசிங்கமா பேசறான்! கதவ வேற சாத்திக்கினு கீறா!”

“அவன் எந் தம்பிதான்.”

“உந் தம்பியா? எப்ப வந்தாரு?”

“வர்ல. ஜாத்திரையிலதான் பேசறான். அந்த வார்த்த மேல எல்லாம் உம் பொண்ணு தப்பு மோளச் சத்தம் போட்டு மூடிக்கினு இருக்கறா.”

கதவில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். “மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவ முழுசா கேட்டா தப்பில்லியே?” என்றாள். அப்படிப்பட்டவள்.

படம் முடிந்தது. சேனலில் கொடுக்க வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்குள் அவர்கள் கையில் இருக்கணும். மருமகள் காலையிலேயே தலை குளித்து, குண்டு டிஸ்க்குக்குக் குங்குமப் பொட்டு வைத்து, சாமி மாடத்தில் பூவுக்குப் பக்கத்தில் வைத்தாள். முதல் வேலை இல்லையா. ஒல்லி கம்ப்யூட்டர் மேஜையில் கிடந்தது. நாங்கள் வீட்டில் பார்ப்பதற்காக அதிலும் முழுப் படத்தையும் ஒல்லியாகப் போட்டு வைத்திருந்தாள். குழந்தைக்கு அன்றைக்கு ஊசி போடணும். “பொட்டு வெச்சத எடுத்துக்கினு போங்க,” என்று குளித்துக்கொண்டிருந்த புருஷனுக்குக் குரல் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் சம்பந்தியம்மாள் அட்டைப் பெட்டி நிறைய மாம்பழத்தோடு வந்து இறங்கினாள். மகள் படம் திருப்பதிக்குப் போகிறதே என்று சாமி மாடத்தில் கும்பிட்டாள். மேஜையில் கிடந்த ஒல்லியைப் பார்த்தாள். மாடத்தில் இருப்பதைப் பார்த்தாள். மோதிர விரலைக் குங்குமத்தில் தொட்டு ஒல்லி நெற்றியிலும் ஒரு பொட்டு. மகன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். டிஸ்க் எப்போதும் இருக்கிற இடம் மேஜை. அங்கே பொட்டோடு ஒன்று இருந்தது. எடுத்துப் பையில் போட்டான். பூவுக்குப் பின்னால் குண்டு குந்தியிருந்ததை அவன் எங்கே பார்த்தான்? சோற்றுப் பொட்டலத்தையும் மறந்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

ஊசி போட்ட குழந்தை வீறிட்டுக்கொண்டு வீட்டுக்குள் வரவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

“இன்னாது? கட்டம் கட்டமா தெரியுதா?” மருமகள் நேரே சாமி மாடத்துக்கு ஓடினாள். குண்டு பூ வாசத்தில் சுகமாக உட்கார்ந்திருந்தது. “ஐயோ, ஒல்லிய எடுத்துக்கினு பூட்டீங்க! பொட்டு வெச்சதுன்னு சொன்னேனே! ... அதுலயும் இருக்குதா?”

திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தாள். “ஒல்லிக்கு யாரு பொட்டு வெச்சது?”

“நாந்தான்,” என்றாள் சம்பந்தியம்மாள், பெருமையாக. “ரெண்டும் கூடப் பொறந்ததுங்க மாதிரி இருக்குது. ஒண்ணுக்கு வெச்சி இன்னொண்ணு வெறும் நெத்தியோட கெடந்தா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வூட்டுக்கு ஆவுமா?”

அவள் சொன்னதில் என்ன தப்பு, சொல்? நீயாக இருந்தாலும் வைத்திருப்பாய். ஆனால் எனக்கு ஆணியில் தொங்குகிற டிக்கெட் கண்ணில் பட்டது, வாய் சும்மா இருக்கவில்லை.

“உங்க ஊர்ல ஒடைஞ்ச எலும்புக்குக் கட்டு போடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கறேன். எங்க அம்மன் மொகத்த கட்டம் கட்டமா ஒடைச்சிட்டீங்களே, அதுக்கு இன்னா கட்டு சம்பந்தியம்மா?”

அவள் முகம் சுருங்கிற்று. ஒரு நிமிஷம்தான். முந்தானையை இழுத்துச் செருகினாள். “நான் வெச்ச பொட்டு. நானே கொண்டு போறேன். நீயும் வா, எனக்கு அந்த ஆபீஸ் தெரியாது.” எனக்கு மட்டும் தெரியுமா?

மருமகள் குழந்தையை விட்டு வர முடியாது. அதற்கு உடம்பு கொதித்தது. “உள்ள மெல்லிசுத் தட்டு இருக்குதும்மா. குலுங்கக் கூடாது, அடி படக் கூடாது,” என்று கையைப் பிசைந்தாள். அப்போது பார்க்கணும் சம்பந்தியம்மாளை. மாம்பழ அட்டைப் பெட்டியைக் கிழித்து, டிஸ்க்குக்கு மேல் ஒரு பத்தை, கீழ் ஒரு பத்தை வைத்தாள். மகனுடைய பழைய வேட்டித் துணியை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து வரிந்து சுற்றினாள். தூளி மாதிரி முடிந்து கழுத்தில் மாட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அசல் புத்தூர்க் கட்டு. நான் மகன் மறந்துபோன சோற்றை எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. கண்டக்டர் பார்த்தார்.

“ஏமம்மா, சேயி விரிகிந்தா? கை ஒடைஞ்சி போச்சா? ஏய், லேய், பெத்தம்மாவுக்கு சீட்டு வுடு!”

சம்பந்தியம்மாள் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. “யப்பா,” என்று மட்டும் முனகிக்கொண்டு உட்கார்ந்தாள். துணைக்கு ஆள் என்று எனக்கும் பக்கத்தில் இடம் கிடைத்தது. பின்சீட்டு அம்மா முட்டை தின்னச் சொன்னாள், புளி சேர்க்க வேண்டாம் என்றாள், புத்தூரில் கட்டியதா என்றாள். “புத்தூர்க்காரியே கட்டினது,” என்றாள் இவள். சந்திரகிரிக் கோட்டை தெரிகிற வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அங்கே இவளுக்குப் பசித்துவிட்டது. தூளியை மடியில் விட்டு, ரெண்டு கையாலும் என் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கையில் இலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அள்ளித் தின்கிறாள்.

“ஏம்மா, கை ஒடைஞ்சவ துன்ற துன்னலா இது?” என்று பின்சீட்டுக்காரி கத்த, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் வந்து முறைத்தார். நான் டிஸ்க்கைக் காட்டி, அம்மன் படம் உள்ளே இருக்கிறது, குலுங்கக் கூடாது என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? அம்மவாருக்கு சீட்டு இல்லேன்னா சொல்லுவேன்?” டிரைவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “அன்னா, பள்ளத்துல மெதுவா! கங்கம்மா ஏறிக்கினு கீது!”

சேனல் வாசலில் மகன் நின்றிருந்தான். அந்த முகத்தை நான் விமான நிலையத்தில்தான் பார்த்திருக்கிறேன். மாமியார் கழுத்துத் தூளியைப் பார்த்து, “அய்யோ அத்தே, கைக்கு இன்னா?” என்று அவனும் கேட்டான் பார்.

படம் செக் பண்ணுகிறவர் வழுக்கைத் தலைக்காரர், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். கட்டை அவிழ்க்க அவிழ்க்க சிரித்தார். அட்டைப் பத்தையில் மாம்பழ வாசனை அடித்தது. டிஸ்க்கைச் சொருகினார். அவர் திரைக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு திரை, அதில் கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அதில் சிவப்பு ஒரு எல்லையைத் தாண்டினால் டி.வி.யில் போட மாட்டார்களாம். என் தம்பி குதித்து வந்தான். யாரோ ஒரு தட்டுக் குங்குமத்தை வீசினார்கள். கோடு விறுவிறுவென்று ஏறிற்று. அவர் நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடி போட்டார். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயசில் கூட அப்படிப் பிடித்ததில்லை. சம்பந்தியம்மாள் கங்கம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேண்டிக்கொள்ள ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் திட்டவே ஆரம்பித்துவிட்டாள்.

“உஸ்ஸ் அம்மா! லைனுக்கு உள்ளதான் இருக்குது. எடிட் பண்ண பொண்ணு இந்த எடத்துல செவப்ப அளவா எறக்கி வெச்சிருக்கறா. தெரியாத மாதிரி எறக்கி இருக்கறா, அதான் பாத்துக்கினு இருந்தேன்.”

கடைசி வரைக்கும் ஓட விட்டார். “ஓகே. பாஸ். அடுத்தது எந்த ஊரு ஜாத்திர?” என்றார் மகனைப் பார்த்து.

எனக்குப் பேராசை. “தம்பி, காலையில வந்ததையும் பக்கத்துல போட்டுக் காட்டுப்பா,” என்றேன். காட்டினார். ஒல்லியில் தம்பிக்குப் பின்னால் இருந்த கூட்டம் வெறும் சேறு. குண்டில் ஒவ்வொரு முகமும் தனித்தனி. அதில் ஒரு கிழவி, கையில் சொம்பு, புடவையெல்லாம் ஈரம், பல்லெல்லாம் தெரிய நிற்கிறாள். யார் இவள் இப்படிச் சிரிக்கிறாள் என்று பார்த்தால், அக்கா, நான்! நான் சிரித்து நானே பார்த்தது அன்றைக்குத்தான்.

மகன் வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டான். “டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு,” என்றான். பிறகு சம்பந்தியம்மாள் மிச்சம் வைத்த சோற்றை நின்றுகொண்டே வழித்துத் தின்றான்.

படம் வந்தபோது நம் வீட்டுப் பழைய டி.வி.யில் ஒல்லியும் தெரியாது குண்டும் தெரியாது. பரவாயில்லை. தம்பியும் வந்திருந்தான்; தன் வாய் அசைகிற போதெல்லாம் தப்புச் சத்தம் வர, துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டான். பேத்தி மட்டும் மடியில் உட்கார்ந்து அப்பன் மூக்கை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது மாசம் நாலு ஜாத்திரை. நேற்று வெட்டி முடித்தது இன்றைக்குத் திருப்பதிக்குப் போகணும், மாடத்தில் குண்டு பொட்டோடு, மேஜையில் ஒல்லி ... அது என்ன, ஆட்டோவா வாசலில் நிற்கிறது? மாம்பழ அட்டைப் பெட்டி இறங்குகிறதே! வந்துவிட்டாள் அக்கா, புத்தூர்க்காரி, அதுவும் வெள்ளிக்கிழமை! கீரையை அப்படியே முறத்தில் போடு. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் போய்க் குங்குமச் சிமிழை எடுத்துப் பரண் மேல் வைக்கணும்.